கறுப்பு வெள்ளை இருட்டறை வேதிப்பொருள்கள்: தட்டுப்பாடும் தரக்குறைவும்

கறுப்பு வெள்ளை ஃபிலிமையும் அச்சுத்தாளையும் பதப்படுத்த மூன்று கரைசல்கள் வேண்டும். ஒளிபட்ட வெள்ளி உப்பைக் கரிய உலோக வெள்ளியாக மாற்றிப் படத்தைத் துலக்குவது டெவலப்பர். அந்த வேலையை உரிய நேரத்தில் நிறுத்துவது ஸ்டாப் பாத் என்னும் மென் அமிலக் கரைசல். ஒளிபடாமல் எஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து அகற்றிப் படத்தை நிலைக்கச் செய்வது ஃபிக்சர். ஸ்டூடியோக்காரர்கள் இதையும் இதன் முக்கியப் பொருளான சோடியம் தயோசல்ஃபேட்டையும் ஹைப்போ என்பார்கள். மூன்றிலும் சேரும் பொருள்கள் ஏறத்தாழ ஒரு டஜன்தான். அவற்றுள் புகைப்படத்தையே பெரிதும் நம்பித் தயாராகுபவை மெட்டால், ஃபெனிடோன் என்னும் துலக்கும் பொருள்கள் மட்டும். மற்றவை சலவை, சாயம், காகிதம், மீன்வளர்ப்பு, உணவு, பிளாஸ்டிக் ஆகிய தொழில்களுக்காகப் பெருமளவில் உற்பத்தியாகின்றன. ஆகவே இருட்டறையில் தட்டுப்பாடு எனப்படுவது பெரும்பாலும் பொட்டலமாகவும் புட்டியாகவும் வரும் ஆயத்தச் சரக்கின் தட்டுப்பாடே. மூலப்பொருள்கள் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் கூட்டையும் தரத்தையும் அறிந்தவருக்கு வேலை நிற்பதில்லை.

வரலாறு

இத்தகைய தட்டுப்பாடு இந்த நூற்றாண்டில் தோன்றியதன்று. மெட்டாலும் ரோடினால் என்னும் டெவலப்பரும் 1891இல் ஜெர்மனியில் அறிமுகமாயின. முதல் உலகப் போர் தொடங்கியதும் ஜெர்மானியச் சரக்கு பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் வருவது நின்றது; மெட்டால் விலை ஏறியது, கலப்படமும் பெருகியது. ஹைட்ரோகுவினோன், பைரோ, அமிடால் ஆகிய வேறு துலக்கும் பொருள்களைக் கொண்டு பலர் சமாளித்தார்கள். ஜெர்மனியை நம்பியிருக்கக் கூடாது என்ற முடிவில் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 1918இல் ராச்செஸ்டரில் கரிம வேதிப்பொருள்களுக்கென்று தனித் துறை தொடங்கியது. மெட்டாலை அந்நிறுவனம் ஈலான் என்ற பெயரில் விற்றது. மெட்டாலுக்குச் சரியான மாற்றாக விளங்கும் ஃபெனிடோனின் துலக்கும் திறன் 1940இல் இல்ஃபோர்டு ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது. அது சந்தைக்கு வர மேலும் பத்தாண்டுகள் ஆயின.

இரண்டாவது அலை டிஜிட்டல் கேமராவோடு வந்தது. 2004இல் இல்ஃபோர்டு கடனில் மூழ்கிப் பின்னர் ஹார்மன் என்ற பெயரில் மீண்டது. 2005இல் ஆக்ஃபாஃபோட்டோ திவாலானது. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்புக் கோரியது. ஜெர்மனியின் டெட்டனால் 1847இல் தொடங்கிய நிறுவனம். தன் பெயரில் மட்டுமன்றி மற்ற நிறுவனங்களின் பெயரிலும் வேதிப்பொருள்களைத் தயாரித்துக் கொடுத்தது. 2018இல் அது நொடித்தபோது பல நாடுகளின் கடை அலமாரிகள் ஒரே சமயத்தில் காலியாயின. வெவ்வேறு பெயர்ப் பெட்டிகள் ஒரே ஆலையிலிருந்து வருகின்றன என்பது பலருக்கு அப்போதுதான் புரிந்தது. கோடாக் வேதிப்பொருள்களின் உரிமம் 2020இல் சீன நிறுவனம் ஒன்றுக்கும், அது விலகியபின் 2023இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநில நிறுவனம் ஒன்றுக்கும் போனது. கைமாறும் ஒவ்வொரு முறையும் சில மாதங்கள் சரக்கு வராது. வந்த சரக்கும் பழையதைப் போலவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. எச்.சி.-110 என்னும் டெவலப்பர் இதற்குச் சான்று. நீர் கலவாத கெட்டிப் பாகாக இருந்தவரை அது ஆண்டுக்கணக்கில் கெடவில்லை. 2019இல் நீர்த்த வடிவத்தில் வந்த பிறகு பழைய ஆயுளை அதனிடம் எதிர்பார்க்க முடிவதில்லை.

இந்தியாவில் ஃபிலிமையும் தாளையும் தயாரிக்க 1960இல் நிறுவப்பட்ட உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, இந்து என்ற வணிகப் பெயரில் விற்றது. பின்னாளில் நலிந்து மூடப்பட்டது. ஸ்டூடியோக்களில் கறுப்பு வெள்ளை வேலை மறைந்தபோது, அதற்கான வேதிப்பொருள்களை வைத்திருந்த கடைகளும் அவற்றைக் கைவிட்டன. இப்போது இறக்குமதிச் சரக்கு, ஆய்வகப் பொருள் விற்கும் கடை ஆகிய இரண்டே வழிகள் எஞ்சியுள்ளன. இரண்டாவது வழி மலிவானது, நம்பகமானதும்கூட.

தரம் கெடும் விதம்

டெவலப்பருக்குக் காற்றே முதல் எதிரி. ஆக்சிஜன் பட்டால் மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் பழுப்பேறும். தூளாக வரும் பொட்டலத்தின் ஒட்டு சரியில்லை என்றால் கடையிலேயே இது நடந்துவிடும். வெள்ளையாக இருக்க வேண்டிய தூள் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் அதைக் கரைத்துப் பார்க்கவே வேண்டியதில்லை, திருப்பிக் கொடுப்பதே சரி. இலேசாகச் சாம்பல் பூத்த மெட்டால் பெரும்பாலும் வேலை செய்யும். பொட்டலத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் கரைப்பதும் தவறு. கனமான துகள்களும் நுண்ணிய துகள்களும் போக்குவரத்தின் குலுக்கலில் தனித்தனி அடுக்காகப் பிரிந்துவிடுவதால், பாதிப் பொட்டலத்தில் எல்லாப் பொருளும் பாதியளவு இருக்காது.

பழுப்பு நிறம் ஓர் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையே தராத டெவலப்பர்கள்தாம் பேராபத்து. கோடாக் 1996இல் வெளியிட்ட எக்ஸ்டால், வைட்டமின் சியின் உறவுப் பொருளான ஐசோஅஸ்கார்பேட்டை அடிப்படையாகக் கொண்டது. துலக்கும் தரம் உயர்ந்தது, நச்சுத்தன்மை குறைவு. ஆனால் அஸ்கார்பேட் சிதையும்போது நிறம் மாறுவதில்லை. நேற்று நன்றாக வேலை செய்த தெளிந்த கரைசல் இன்று வெற்று ஃபிலிமைத் தரும். நீரிலுள்ள இரும்பு, செம்பு அயனிகள் மிகச் சிறிய அளவிலேயே இந்தச் சிதைவைத் தூண்டிவிடும். அதனால்தான் இவ்வகை டெவலப்பரில் உலோக அயனிகளைக் கட்டிப்போடும் பொருள் ஒன்றும் சேர்கிறது. பழைய இரும்புக் குழாயில் வரும் நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ கொண்டு அஸ்கார்பேட் டெவலப்பரைக் கரைப்பது சூதாட்டம். காய்ச்சி வடித்த நீரே இதற்கு ஏற்றது. கடின நீரால் வேறொரு தொல்லையும் உண்டு: அதிலுள்ள கால்சியம், டெவலப்பரிலுள்ள சல்ஃபைட்டோடும் கார்பனேட்டோடும் சேர்ந்து வெண்படலமாக ஃபிலிமில் ஒட்டிக்கொள்ளும்.

பெயர்பெற்ற டி-76 டெவலப்பர் வேறு விதமாக மாறும். கரைத்து வைத்த சில வாரங்களில் அதன் காரத்தன்மை ஏறுவதால் வேகமும் கான்ட்ராஸ்ட்டும் கூடும். வெங்காரமும் போரிக் அமிலமும் லிட்டருக்கு 8 கிராம் வீதம் சேரும் டி-76டி என்ற வடிவம் இதைத் தடுக்க உருவானதே.

டெவலப்பரிலும் ஃபிக்சரிலும் சேரும் சோடியம் சல்ஃபைட் கெடுவது கண்ணுக்குத் தெரியாது. ஈரமும் காற்றும் பட்டால் அது மெல்லச் சல்ஃபேட்டாகும். நிறமும் எடையும் பெரிதாக மாறா, டெவலப்பரைக் காக்கும் வேலையை மட்டும் செய்யாது. ஃபிக்சரில் சல்ஃபைட் குறைந்தால் அமிலம் ஹைப்போவைச் சிதைக்கும். கந்தகம் பிரிந்து கரைசல் பால்போல் வெளுக்கும்.

சோதனைகள்

புதிய டெவலப்பரோ நெடுநாள் வைத்திருந்த டெவலப்பரோ, சோதிக்காமல் முக்கியமான சுருளை அதில் போடக் கூடாது. வெளிச்சம் பட்ட ஃபிலிம் துண்டை வழக்கமான வெப்பநிலையில் கரைசலில் இட்டால் சில நிமிடங்களில் அது நன்கு கறுக்க வேண்டும். இது டெவலப்பர் உயிரோடு இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். பாதி வலுவிழந்த டெவலப்பரும் இதில் தேறிவிடும். ஒரே சுருளில் ஒரே படிநிலை அட்டையைப் பல முறை எடுத்து, துண்டுகளாக வெட்டிக் குளிர்பெட்டியில் வைத்திருப்பது இதைவிட மேலான முறை. ஒவ்வொரு புதிய கரைசலிலும் ஒரு துண்டைத் துலக்கி முதல் துண்டோடு ஒப்பிட்டால், வலு எவ்வளவு மாறியது என்பது நேரடியாகத் தெரியும்.

ஃபிக்சரைச் சோதிப்பது எளிது. துலக்காத ஃபிலிம் துண்டு புதிய ஃபிக்சரில் தெளிய எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஃபிலிமை நிலைநிறுத்தும் நேரம் அதன் இருமடங்குக்குக் குறையக் கூடாது. தெளியும் நேரம் புதியதில் எடுத்ததைப் போல் இருமடங்கானால் அந்தக் கரைசலைக் கைவிட வேண்டும். பொட்டாசியம் அயோடைடு கரைசலின் சில துளிகளை விட்டும் பார்க்கலாம். கலங்கல் கலைந்து மறைந்தால் ஃபிக்சர் நல்லது. மஞ்சள் கலந்த வெண்ணிற வீழ்படிவு நிலைத்தால் வெள்ளி நிறைந்துவிட்டது.

சல்ஃபைட்டைச் சோதிக்க மருந்துக் கடை டிங்சர் அயோடின் போதும். நல்ல சல்ஃபைட்டையும் சந்தேகமானதையும் சம எடையில் சம அளவு நீரில் கரைத்து, அயோடினின் நிறம் மறையாமல் நிற்கும்வரை துளித்துளியாக விட வேண்டும். கெட்டதற்குக் குறைவான துளிகளே தேவைப்படும். துளிகளின் விகிதமே எஞ்சிய தரத்தின் விகிதம்.

கையால் கூட்டுதல்

தட்டுப்பாட்டுக்கு நிலையான மருந்து, தனிப்பொருள்களை வாங்கி எடைபோட்டுக் கரைப்பதே. கூட்டுகள் எல்லாம் பல பதிற்றாண்டுகளாகப் பொதுவில் உள்ளவை. 1920களிலிருந்து புழங்கிவரும் டி-76இன் ஒரு லிட்டரில் மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம் சேரும். ஹைட்ரோகுவினோன் கிடைக்காதபோது டி-23 கைகொடுக்கும்: மெட்டால் 7.5 கிராம், சல்ஃபைட் 100 கிராம், அவ்வளவே. தாளுக்கான டி-72இல் மெட்டால் 3, சல்ஃபைட் 45, ஹைட்ரோகுவினோன் 12, ஒற்றைநீர்ச் சோடியம் கார்பனேட் 80, பொட்டாசியம் புரோமைடு 2 கிராம். ஒரு பங்குக்கு இரு பங்கு நீர் விட்டுப் பயன்படுத்துவது வழக்கம். மெட்டாலை முதலில் கரைக்க வேண்டும். சல்ஃபைட் நிறைந்த நீரில் அது கரைய மறுக்கும் என்பதால், ஒரு சிட்டிகை சல்ஃபைட்டை மட்டும் முன்னதாக இடலாம்.

மெட்டாலே கிடைக்காவிட்டால் அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஃபெனிடோன், ஹைட்ரோகுவினோனோடு சேர்ந்து அதே வேலையைச் செய்யும். நீரில் எளிதில் கரையாததால் முதலில் சிறிது ஆல்கஹாலில் கரைத்துக்கொள்ள வேண்டும். மெட்டாலால் தோலில் அரிப்பும் புண்ணும் வருபவர்கள் தட்டுப்பாடு இல்லாத காலத்திலும் ஃபெனிடோனுக்கு மாறிக்கொள்வது நல்லது.

எடை போடும்போது பொருளில் சேர்ந்துள்ள படிகநீரைக் கணக்கிடாமல் விடுவதுதான் கையால் கூட்டுபவர்கள் மிகுதியாகச் செய்யும் பிழை. 100 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட்டுக்கு ஒற்றைநீர் வகை 117 கிராமும், பளிங்குபோன்ற சலவைச் சோடா 270 கிராமும் ஈடு. சல்ஃபைட்டின் படிக வகையை நீரற்றதைப் போல் இருமடங்கு எடுக்க வேண்டும். ஹைப்போ படிகம் 100 கிராம் என்றால் நீரற்றது 64 கிராம் போதும். சீட்டில் எந்த வகை என்று எழுதாத பொருளை வாங்காமல் இருப்பதே நலம்.

சில பொருள்களை வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளலாம். ஆப்பசோடாவை 200 டிகிரி அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை வறுத்தால் 100 கிராமுக்கு 63 கிராம் சுத்தமான கார்பனேட் கிடைக்கும். வாசனையும் சலவைப் பொருளும் கலந்த கடைச் சோடாவைவிட இது மேல். சல்ஃபைட் இல்லாத நேரத்தில், உணவுத் தொழிலில் புழங்கும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் 75 கிராமும் காஸ்டிக் சோடா 32 கிராமும் சேர்ந்து 100 கிராம் சல்ஃபைட்டுக்கு நிகரான கரைசலைத் தரும். காஸ்டிக் சோடா கண்ணைப் பறிக்கக் கூடியது. கண்ணாடியும் கையுறையும் அணிந்து, குளிர்ந்த நீரில் சிறிது சிறிதாக அதை இட வேண்டும். அதன்மேல் நீரை ஊற்றவே கூடாது.

ஹைப்போவுக்கு இந்தியாவில் பஞ்சமில்லை. மீன்தொட்டிக் கடையில் குளோரின் நீக்கியாக விற்கும் படிகமும், இறால் குஞ்சு பொரிப்பகங்கள் மூட்டையாக வாங்குவதும் அதுவே. கோடாக் எஃப்-24 கூட்டின்படி ஒரு லிட்டரில் ஹைப்போ 240 கிராம், சல்ஃபைட் 10 கிராம், சோடியம் பைசல்ஃபைட் 25 கிராம் சேர்த்தால் நல்ல ஃபிக்சர் ஆகும். ஹைப்போ கரையும்போது நீர் சில்லிட்டுப்போவதால் வெந்நீரில் தொடங்கி, ஆறிய பிறகே பைசல்ஃபைட்டை இட வேண்டும். அமோனியம் தயோசல்ஃபேட் கொண்ட விரைவு ஃபிக்சரைவிட இது மெதுவாக வேலை செய்யும்.

ஸ்டாப் பாத்துக்கு லிட்டருக்கு 15 கிராம் சிட்ரிக் அமிலம், அதாவது மளிகைக் கடை எலுமிச்சை உப்பு, போதும். அமில விற்பனைக்கு 2013இல் உச்சநீதிமன்றம் விதித்த கட்டுப்பாடுகளுக்குப் பிறகு செறிந்த அமிலங்களைத் தேடி அலைவதைவிட இது எளிது. ஃபிலிமுக்கு வெறும் நீரில் சில முறை அலசினாலே போதும்.

மளிகைக் கடைப் பொருள்களாலேயே டெவலப்பரும் செய்யலாம் என்பதை 1995இல் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸும் மாணவர்களும் காட்டினார்கள். காஃபனால் எனப்படும் இதன் பரவலான வடிவத்தில் லிட்டருக்கு நீரற்ற சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், இன்ஸ்டன்ட் காப்பித்தூள் 40 கிராம். 20 டிகிரியில் சுமார் 15 நிமிடம். துலக்கும் வேலையைச் செய்வது காப்பியிலுள்ள காஃபீயிக் அமிலமும் வைட்டமின் சியும். காஃபீனுக்கு அதில் பங்கில்லை. சிக்கரி கலந்த தூளில் காப்பியின் அளவு கடைக்குக் கடை மாறும், ஆகவே கலப்பில்லாத தூளே வேண்டும். கரைத்த அன்றே பயன்படுத்திவிட வேண்டும். அவசரத்துக்கு உண்மையாகவே உதவும் இந்தக் கூட்டை, ஒரே சீரான முடிவு தேவைப்படும் வேலைக்கு நம்ப முடியாது.

வாங்குதலும் சேமிப்பும்

இந்திய ஆய்வகக் கடைகளில் எல்ஆர் (ஆய்வகத் தரம்), ஏஆர் (பகுப்பாய்வுத் தரம்) என இரு தரங்கள் விற்கின்றன. எல்ஆர் தரம் இருட்டறைக்குப் போதும். ஏஆர் தரத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பயனில்லை. தொழிற்சாலைத் தரத்தை ஹைப்போவுக்கும் சோடாவுக்கும் ஏற்கலாம். மெட்டாலுக்கு ஏற்கக் கூடாது. உலர்ந்த பொருள்கள் இறுக மூடிய புட்டியில் ஆண்டுக்கணக்கில் இருக்கும் என்பதால், சேர்த்து வைக்க வேண்டியவை அவையே. கரைத்த டி-76 நிரம்பிய புட்டியில் 6 மாதமும், பாதி நிரம்பியதில் 2 மாதமும் தாங்கும் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. கோடையில் அதை இன்னும் சுருக்கிக்கொள்ள வேண்டும். கண்ணாடிப் புட்டியும் பெட் (PET) பிளாஸ்டிக் புட்டியும் காற்றைத் தடுக்கும். சாதாரணப் பாலித்தீன் புட்டி ஆக்சிஜனை உள்ளே விடும். பெரிய புட்டி ஒன்றைவிட, கழுத்துவரை நிரப்பிய சிறு புட்டிகள் பல இருப்பது மேல். ஒவ்வொன்றின்மீதும் பெயரும் கரைத்த தேதியும் எழுதப்பட வேண்டும். உணவுப் புட்டியில் எதையும் ஊற்றி வைக்கக் கூடாது. பயன்படுத்தி முடித்த ஃபிக்சரில் கரைந்துள்ள வெள்ளி நீர்நிலை உயிர்களுக்கு நஞ்சு என்பதால், எஃகு நாரை ஊறவைத்து வெள்ளியைப் பிரித்தெடுத்த பிறகே அதை அப்புறப்படுத்த வேண்டும்.