சுரங்கம், சாசனம், மீன்: கம்பம் பள்ளத்தாக்கின் நன்னீர் மீன் வரலாறு (1886–1970)

முன்னுரை

தமிழகக் கடற்கரையின் பவளப்பாறை மீன்கள் குறித்த ஆய்வுகள் பல. 1947இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் மண்டபத்தில் நிலைகொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளை உள்ளடக்கி 1986இல் அமைந்த மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவும் அவ்வாய்வுகளுக்கு அடித்தளமிட்டன. களவா, விளைமீன், ஓரா, கிளிமீன் ஆகிய பாறை மீன் வகைகளுள் பல, இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் பரவலாகக் காணப்படுவன. இளம்பருவத்தில் அவை நீரோட்டத்தில் மிதந்து நெடுந்தொலைவு செல்வதே இதற்குக் காரணம். ஆகவே அவற்றின் பரவலை விளக்க ஆவணங்களைத் தேட வேண்டியதில்லை.

அக்கடற்கரை நோக்கி ஓடும் வைகையின் தலைப்பகுதியில், தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், நிலை வேறு. நன்னீர் மீனுக்கு மலைமுகடே எல்லை. அவ்வெல்லையை இங்கே கடந்தது நீரோட்டமன்று, அரசும் பொறியியலுமே. எனவே இப்பள்ளத்தாக்கின் மீன்பரவலை விலங்கியல் சான்றுகளோடு அரசு ஆவணங்களையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

மலையைத் துளைத்த நீர்வழி

மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றின் நீரைக் கிழக்கே திருப்பும் அணை, ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஆளுநர் வென்லாக் அதனைத் திறந்துவைத்தார். ஒரு மைலுக்குச் சற்றே நீண்ட சுரங்கத்தின் வழியே மலையைக் கடந்த நீர், பள்ளத்தாக்கில் இறங்கிச் சுருளியாற்றோடு கூடி வைகையை அடைந்தது. இந்நிகழ்வு நெல்லின் வரலாறாகவும் பஞ்சம் நீங்கிய வரலாறாகவும் பலமுறை எழுதப்பட்டுள்ளது. நீரோடு மீனுக்கும் அங்கே வழி திறந்தது என்பது போதிய கவனம் பெறவில்லை. அது ஒருவழிப் பாதை என்பதும் கருதத்தக்கது. மேற்கிலிருந்து கிழக்கே இறங்கலாம். செங்குத்தான சரிவில் மீண்டும் ஏறுதல் இயலாது. 1958 முதல் நீர் இராட்சதக் குழாய்கள் வழியே லோயர்கேம்ப் மின்நிலையச் சுழலிகளுக்குள் பாய்கிறது. பெரிய மீன்களுக்கு அவ்வழி ஏறத்தாழ அடைபட்டது எனலாம். ஆயினும் மின்நிலையத்தைத் தவிர்த்து இரைச்சல்பாலம் வழியே நீர் திறக்கும் காலங்களும் உண்டு.

இதனால் ஆண்டுக் கணக்கு முதன்மை பெறுகிறது. பிரான்சிஸ் டே தம் மலபார் மீன்கள் பற்றிய நூலை 1865இலும், இந்திய மீன்கள் பற்றிய பெருநூலை 1875–1878இலும் வெளியிட்டார். அப்போது சுரங்கம் இல்லை. சென்னை மாகாண மீன்துறையோடு தொடர்புடைய சுந்தரராஜ், பெரியாற்று மேற்பகுதியிலிருந்து லெபிடோபைகாப்சிஸ் டைப்பஸ் எனும் மீனை 1941இல் அறிவித்தபோது சுரங்கம் தோன்றி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. இமயமலை மீன்களின் உறவாக அவர் கருதிய அம்மீன், தென்னிந்திய, இமய உயிரினத் தொடர்பு பற்றிய விவாதங்களில் பேரிடம் பெற்றது. அண்மைய மூலக்கூற்று ஆய்வுகள் அதனைத் தென்னிந்தியப் பெருங்கெண்டைகளுக்கு அருகில் வைக்கின்றன. உருவ ஒற்றுமை ஒன்றையே கொண்டு பெரிய வரலாறு எழுதுவதன் இடர் இதில் விளங்கும். சுருளியாற்றில் ஒரு மேற்கத்திய இனம் பிடிபடுமாயின், அதனைத் தொன்மையான புவியியல் தொடர்புக்குச் சான்றாக்குமுன் 1895ஐ நினைவிற்கொள்ள வேண்டும்.

மண்டபத்திலிருந்து வந்த மீன்

பள்ளத்தாக்கின் மீன்வளத்தை மாற்றிய மற்றொரு வரவு பவளப்பாறைக் கரையிலிருந்தே நேர்ந்தது என்பது வியப்புக்குரியது. தென்கிழக்கு ஆப்பிரிக்காவுக்குரிய மொசாம்பிக் திலாப்பியா 1939இல் ஜாவாவில் கண்டறியப்பட்டு, ஆசிய நாடுகளில் வளர்ப்பு மீனாகப் பரவியது. 1952இல் பாங்காக்கிலிருந்து அது மண்டபம் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொணரப்பட்டது. உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் மலிவான புரதம் தரும் என்பதே நோக்கம். முட்டையையும் குஞ்சையும் தாய்மீன் வாயில் வைத்துக் காப்பதாலும், உவர்நீரிலும் வாழ வல்லதாலும் அது விரைந்து பெருகிற்று. மக்கள் அதனை ஜிலேபி என்றனர். 1959இல் திறக்கப்பெற்ற வைகை அணையிலும், மலைக்கு மேலே பெரியாற்று ஏரியிலும் இன்று அது உண்டு.

அயிரைக்குப் புறநானூற்றிலேயே (பாடல் 67) சான்று உண்டு. ஜிலேபிக்கோ எழுபது ஆண்டுகளைச் சற்றே கடந்த வரலாறுதான். ஆயினும் இரண்டும் இன்று ஒரே சந்தையில் விற்கின்றன.

மீன்பிடி உரிமை

திருவிதாங்கூர் மன்னருக்கும் இந்தியச் செயலருக்கும் இடையே 1886 அக்டோபர் 29இல் 999 ஆண்டுகளுக்குச் செய்துகொள்ளப்பட்ட குத்தகைச் சாசனம், நீரோடு அந்நீரில் மீன்பிடிக்கும் தனியுரிமையையும் குத்தகையாளருக்கு அளித்தது. 1970 மே 29இல் கையெழுத்தான துணை ஒப்பந்தங்கள் நில வாடகையை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்த்தின, மின்னுற்பத்தியை ஏற்றன, மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தது. அணைநீரைப் பற்றி வழக்குகளும் நூல்களும் குவிந்துள்ளன. இப்பிரிவோ பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து செல்லப்படுகிறது. ஆனால் இதன் விளைவாக, ஏரியில் எவ்வினத்தை விடுவது, எதனைப் பிடிப்பது என்பன கேரளத்தின் முடிவுகளாயின. அம்முடிவுகளின் பயனும் கேடும் நீரோடு இறங்கிக் கம்பத்தை எட்டக்கூடியவை.

அவ்வேரியில் இன்று மீன்பிடிப்போர் மன்னான் பழங்குடியினர். அவர்கள் வலையில் சாதாக் கெண்டையும் ஜிலேபியும் மிகுதி. தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி மரபு.