கரிசல் நிலத்தில் பாய் கடை

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோயிலையும் பள்ளிவாசலையும் கோட்டையையும் கல்வெட்டையும் தேடிச் செல்வது வழக்கம். அவ்வூர் மக்கள் அந்தி சாய்ந்தபின் எங்கே அமர்ந்தார்கள், யாருக்கு அருகில் அமர்ந்தார்கள், கையிலிருந்த சில்லறைக்கு என்ன உண்டார்கள் என்று கேட்பவர் அரியர். விருதுநகர், சிவகாசி, எம். புதுப்பட்டி முதலிய கரிசல் நாட்டு ஊர்களைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு விடை ஒன்றே: பரோட்டாக் கடை. மக்கள் வழக்கில் அதுவே பல ஊர்களில் 'பாய் கடை'. இந்த எளிய கடையின் வரலாற்றில் நம் சமுதாயத்தாரின் பங்கு உண்டு. இந்நாட்டின் பஞ்சமும் போரும், சாதியும் கூலியும் அதில் கலந்திருக்கின்றன.

விலைக்கு உணவு விற்பது தமிழருக்குப் புதிதன்று. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் பிட்டு விற்ற காழியரையும் அப்பம் விற்ற கூவியரையும் சிலப்பதிகாரம் குறிப்பிடுகின்றது. ஆனால் அவை தெருவில் வாங்கித் தின்னும் பண்டங்களே. வழிப்போக்கர் அமர்ந்து முழு உணவு உண்பதற்குச் சத்திரங்கள் இருந்தன. மதுரையில் மங்கம்மாள் பெயரால் இன்றும் விளங்கும் சத்திரம் யாவரும் அறிந்தது. சத்திரத்தில் உணவுக்கு விலையில்லை. ஆயினும் இன்னாருக்கு இன்ன இடம், இன்னாருக்கு இடமேயில்லை என்ற கணக்கு பெரும்பாலான சத்திரங்களில் உண்டு.

1876ஆம் ஆண்டில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அப்பாதையில் அமைந்த விருதுபட்டி, 1923இல் விருதுநகர் என்று பெயர் மாற்றம் பெற்றது. பருத்தி, மிளகாய் வற்றல், மல்லி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் பெருஞ்சந்தையாக அது வளர்ந்தது. வண்டிக்காரரும் மூட்டை தூக்குவோரும் தரகரும் நாள்தோறும் வந்து குவிந்தனர். அவர்கள் வீட்டை விட்டு வந்தவர்கள். விலைக்கு உணவு வாங்கித் தீரவேண்டியவர்கள். அக்காலத்தில் நகரங்களில் எழுந்த காப்பி கிளப்புகளில் பிராமணருக்குத் தனி இடம், ஏனையோருக்குத் தனி இடம். தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்களோ வாசலுக்கு வெளியே நின்றனர். இரயில் நிலையங்களில் தண்ணீருக்குக்கூட இந்து, முஸ்லிம் என்று பெயர் வைத்த காலம் அது.

இப்பகுதியில் இந்தக் கொடுமை எத்துணை ஆழமானது என்பதற்கு, கோயில் நுழைவு உரிமையை ஒட்டி 1899இல் சிவகாசியில் மூண்ட கலவரமே சான்று. ஒதுக்கப்பட்ட நாடார் சமூகத்தினர் தம் உழைப்பாலும் மகமை நிதியாலும் எழுந்தனர். விருதுநகரில் 1889இல் அவர்கள் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் பிடியரிசி திரட்டி நடத்தப்பட்ட பள்ளி. 1903இல் அவ்வூரில் பிறந்த காமராசர் பயின்றதும் அங்கேதான். ஒரு பிடி அரிசியின் அருமை அறிந்த ஊர் அது.

அருமை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் கேழ்வரகும் விளைந்தன. உழைப்பாளி வீட்டில் அன்றாட உணவு கம்பங்கூழும் சோளச்சோறும். நெல்லுச்சோறு நல்ல நாள் பெரிய நாளைக்குத்தான். தென்னகத்தின் அரிசிக் குறையைப் பர்மா அரிசியே பெரிதும் நிரப்பி வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அந்த வழி அடைபட்டது. பங்கீட்டு முறை வந்தது. நெல்லுச்சோறு இன்னும் தொலைவுக்குப் போயிற்று.

அதே போர்தான் கரிசல் நாட்டு உணவுக் கடைக்கு இன்னொரு வகையில் துணை செய்தது. இரங்கூனிலும் மோல்மேனிலும் பிழைத்த தமிழர் இலட்சக்கணக்கில் காடும் மலையும் கடந்து நடந்தே தாயகம் மீண்டனர். வழியில் மாண்டவர் பல்லாயிரவர். 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றி, 1964இல் வணிகத்தை அரசுடைமை ஆக்கியபின் அடுத்த அலை வந்தது. வந்தவர்கள் பொருளைக் கொண்டுவர இயலவில்லை. கைத்தொழிலையும் நாவின் பழக்கத்தையும் கொண்டுவந்தனர். விருதுநகரில் பெயர்பெற்று விளங்கும் பரோட்டாக் கடைக்குப் 'பர்மா கடை' என்று பெயர் இருப்பது தற்செயலன்று. இலங்கைத் தொடர்பை 'சிலோன் பரோட்டா' என்ற பெயர் காட்டுகின்றது. நம்மவர் பினாங்கிலே காவடித் தண்டில் சோற்றையும் ஆணத்தையும் சுமந்து விற்றதனால் அங்கே 'நாசி கண்டார்' என்ற உணவு பிறந்தது. தண்டுக்கு மலாய் மொழியில் கண்டார் என்று பெயர். அங்குள்ள தமிழ் முஸ்லிம் கடைகளை 'மாமாக் கடை' என்று அந்நாட்டார் இன்றும் அழைக்கின்றனர்; 'மாமா' என்ற நம் உறவுச் சொல்லே அவர்கள் நாவில் 'மாமாக்' ஆயிற்று. இங்கே பாய் கடை, அங்கே மாமாக் கடை. இரண்டு பெயரும் கடைக்காரரை உறவுமுறை வைத்து அழைத்த பெயர்கள் என்பது நோக்கத்தக்கது. 'பாய்' என்றால் சகோதரன் அல்லவா?

சொற்களும் இந்த வரலாற்றைச் சொல்கின்றன. பரோட்டா என்பது வடநாட்டுப் 'பராட்டா'வின் தென்னக வடிவம். சால்னா, உருது மொழியின் 'சாலன்'. முட்டையும் கைமாவும் வைத்து மடிக்கும் முர்தபா, மடிக்கப்பட்டது என்னும் பொருள் தரும் 'முதப்பக்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. நம் இல்லங்களில் குழம்பை ஆணம் என்கிறோம். கடைக்கு வந்ததும் அதுவே சால்னா ஆகிவிடுகின்றது. எல்லாரும் அறிந்த பெயரால் விற்பதுதானே வணிகம்.

ஆயினும் கைத்திறன் மட்டும் இருந்தால் கடை நடந்துவிடாது, மாவு வேண்டும். 1950களின் நடுவில், அமெரிக்காவின் பி.எல். 480 சட்டத்தின்கீழ் கோதுமை கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வரத் தொடங்கியது. 1965, 1966ஆம் ஆண்டுகளின் வறட்சியில் அந்தக் கோதுமையே நாட்டின் பட்டினியைத் தாங்கிப் பிடித்தது. வாரத்தில் ஒருவேளை உணவை விடுமாறு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வேண்டிக்கொண்டதும், திங்கள் மாலைகளில் ஓட்டல்கள் மூடப்பட்டதும் அக்காலத்தில்தான். அரிசிப் பஞ்சத்தின் சீற்றம் அரசியலையே புரட்டியது. 1967 தேர்தலில், தம் சொந்த ஊரான விருதுநகரிலேயே காமராசர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் தோற்றார். 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த தலைவர் அவர். அரிசியை முதன்மைப்படுத்தி நடந்த தேர்தலில் அவரே வீழ்ந்தது வரலாற்றின் விந்தை.

அரிசி அரிதாகி மைதா எளிதான அக்காலத்தில்தான் தமிழகமெங்கும் பரோட்டாக் கல் சூடேறியது. கரிசல் நாட்டில் அதற்கு வேறு இரண்டு வாய்ப்புகளும் கூடி நின்றன. ஒன்று, விருதுநகரின் செக்குகளும் எண்ணெய் ஆலைகளும். மற்ற ஊர்களில் பரோட்டாவைக் கல்லில் சுட்டுத் தட்டி அடுக்குகிறார்கள். விருதுநகரிலோ நடு குழிந்த கல்லில் எண்ணெயைத் தேக்கி, சிறிய பரோட்டாவை அதில் மிதக்கவிட்டு மொறுமொறுவென்று பொரித்தெடுக்கிறார்கள். எண்ணெய்ச் சந்தை இருந்த ஊரில் எண்ணெய்ப் பரோட்டா பிறந்தது பொருத்தமே.

மற்றொன்று, சிவகாசியின் கூலி. கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் சிவகாசியில் அதைத் தொடங்கினர். பின்னர்ப் பட்டாசும் அச்சும் வளர்ந்தன. மழையை நம்பிய உழவனுக்கு அறுவடைக்கு அறுவடைதான் வருமானம். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளிக்கோ வாரந்தோறும் காசு. எம். புதுப்பட்டி போன்ற ஊர்களில் பட்டாசு ஆலை வேலைக்குச் சென்று திரும்புவோருக்குச் சனிக்கிழமை என்றால் கூலி நாள். கூலி நாள் என்றால் பரோட்டா நாள். பட்டாசுக் குழாய் ஒட்டுவதற்குக் காய்ச்சும் பசையும் மைதாதான். பகலெல்லாம் கையில் ஒட்டிய மாவே இரவில் இலையில் உணவாக வருகின்றது.

கடையின் நடைமுறையைச் சற்றே காண்போம். நண்பகலில் மைதாவை உப்பும் எண்ணெயும் நீரும் சேர்த்துப் பிசைந்து ஈரத்துணி மூடி ஊறவைப்பார்கள். பின் உருண்டை பிடித்து எண்ணெயில் தோய்த்து வைப்பார்கள். மாலையில் மாஸ்டர் ஒவ்வோர் உருண்டையையும் தட்டி, காற்றில் வீசி, துணிபோல் விரித்து, கொசுவிச் சுருட்டுவார். வீசுவது காட்சிக்காக அன்று. மாவு மெல்லிதாகி இடையிடையே எண்ணெய் பரவினால்தான் ஏடு பிரியும். சால்னாவில் எலும்பின் சாறும் தேங்காயும் கசகசாவும் சோம்பும் சேரும். கறி வாங்க வசதி இல்லாதவனுக்கும் கறியின் மணத்தைத் தருவது அதுதான். சால்னாவை வாளியில் கொண்டுவந்து கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். அதற்குத் தனி விலை கேட்பதில்லை. இரண்டு பரோட்டா வாங்கிய ஏழையும் வயிறு நிறைந்து எழுவதற்கு இந்த வழக்கமே காரணம்.

இனி, இக்கட்டுரையின் உயிரான செய்திக்கு வருவோம். பொது இடங்களில் சாதித் தடையை நீக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1938இல் எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் வந்தது. உணவு விடுதிகளில் எவரையும் சாதி, சமயம் காட்டித் தடுக்கலாகாது என்று 1950இல் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு விதித்தது. அதன் பின்னும், பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்ற 1957இல் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் மறியல் நடத்த வேண்டியிருந்தது. தென்மாவட்டச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை அதற்குப் பின்னரும் நெடுங்காலம் நிலவியது.

இத்தகைய சூழலில், பாய் கடையின் பெஞ்சு எவர் வந்தாலும் இடம் கொடுத்தது. சாதி கேட்டு இடம் ஒதுக்கும் வழக்கம் அக்கடைகளின் மரபில் இல்லை. நம் விருந்துகளில் ஒரே சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து, பணக்காரரும் கூலிக்காரரும் ஒரே தட்டில் கைவைத்து உண்கிறோம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் கடை வைத்தால், பக்கத்தில் இருப்பவர் யாரென்று கேட்கத் தோன்றுமா? சட்டம் சொல்லுமுன்பே அதைச் செய்தோம் என்ற பெருமை நமக்கு நியாயமானதே.

ஆனால் வரலாறு நேர்மையாக எழுதப்பட வேண்டும். கடைக்காரர் இதைச் சீர்திருத்தமாக நினைத்துச் செய்யவில்லை, வணிகமாகச் செய்தார். கறிக்கடையில் கால்வைக்க மாட்டோம் என்று ஒதுங்கிய மேல்சாதியார் வராததனால், வந்தவருக்கிடையே பிரிவினை செய்யத் தேவை எழவில்லை என்பதும் உண்மை. அந்தப் பெஞ்சு நெடுங்காலம் ஆண்களின் பெஞ்சாகவே இருந்தது என்பது அதைவிடப் பெரிய உண்மை. தீப்பெட்டி அடைத்தும் திரி பின்னியும் குடும்பத்தைத் தாங்கிய உழைப்பாளிகளில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கடையில் அமர்ந்து உண்ணவில்லை; கணவரோ மகனோ வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்த பொட்டலம் எப்போது வரும் என்று காத்திருந்தனர். கூலியில் சமபங்கு ஈட்டியவருக்குப் பெஞ்சில் இடம் கிடைக்கவில்லை. 'குடும்ப அறை' என்று திரையிட்ட இடம் பின்னாளில் வந்தது. பிள்ளைகளோடு பெண்கள் கூடத்திலேயே அமர்ந்து உண்பது அதற்கும் பின்னர் வந்தது.

இன்று இத்தொழில் நம்மவர் கையில் மட்டும் இல்லை. எல்லாச் சமூகத்தாரும் பரோட்டாக் கடை நடத்துகின்றனர். மைதா உடலுக்கு ஏற்றதன்று என்று மருத்துவர் சொல்வதும் காதில் விழுகின்றது. கடையைத் தொட்ட உணவு கம்பங்கூழையும் சோளச்சோற்றையும் இழிவென்று எண்ணவைத்தது என்ற குறையும் பொய்யன்று. இவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை.

பதிவு செய்ய வேண்டியது வேறு. பஞ்சத்தில் வந்த மாவையும், போரில் துரத்தப்பட்டு வந்த கைத்திறனையும், கூலிக்காரரின் சில்லறையையும் கொண்டு நடந்த கடைகள் இவை. நம் பெரியவர்களில் பலர் கல்லடியில் வியர்வை சிந்திப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். எந்த ஆண்டு கடை திறந்தார்கள், யார் யார் வந்து உண்டார்கள், கடன் வைத்தவர் எத்தனை பேர், அக்கடனை எழுதிய நோட்டு எங்கே என்று அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது நம் கடமை. பள்ளிவாசல் கட்டியவர் பெயரைக் கல்லில் வெட்டுகிறோம். பசித்து வந்தவனை யாரென்று கேளாமல் அமரவைத்தவர் பெயர், ஒரு தாளிலாவது இருக்கட்டும்.