ஒவ்வாமை ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் மேலணியின் பங்கு

மூச்சுக்குழாய் மேலணி என்பது மூச்சுக்குழாய்களின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள செல் அடுக்கு ஆகும். இது எபிதீலியம் என்றும் அழைக்கப்படுகிறது. உள்ளிழுக்கும் காற்றிலுள்ள தூசி, மகரந்தம், நுண்ணுயிரிகள் ஆகியவை முதலில் இதன் மீதே படுகின்றன. நீண்ட காலம் வெறும் தடுப்புச் சுவராகக் கருதப்பட்ட இவ்வடுக்கு, ஒவ்வாமை ஆஸ்துமாவில் அழற்சியைத் தொடங்கி வைப்பதிலும் நீடிக்கச் செய்வதிலும் முக்கிய பங்கு வகிக்கிறது.

அமைப்பு

மேலணியிலுள்ள கிண்ணச் செல்கள் சளியைச் சுரக்கின்றன. தூசி இச்சளியில் ஒட்டிக்கொள்ள, குற்றிழைச் செல்கள் அதனைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. அடிச் செல்கள் பிரிந்து, சேதமடைந்த செல்களுக்கு மாற்றாகப் புதியவற்றை உருவாக்குகின்றன. அருகருகே உள்ள செல்களை இறுக்கச் சந்திகள் எனப்படும் புரத அமைப்புகள் நெருக்கமாக இணைக்கின்றன.

அழற்சி தொடங்கும் விதம்

வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணிகளின் கழிவில் காணப்படும் டெர் பி 1, புரதங்களைச் சிதைக்கும் நொதியாகும். இது இறுக்கச் சந்திகளைச் சிதைப்பதால் ஒவ்வாமையூக்கிகள் உள்ளே நுழைய வழி ஏற்படுகிறது. தாக்கப்பட்ட மேலணிச் செல்கள் டிஎஸ்எல்பி, இன்டர்லியூக்கின்-25, இன்டர்லியூக்கின்-33 ஆகிய சைட்டோக்கைன்களை எச்சரிக்கைச் சைகைகளாக வெளியிடுகின்றன. இவற்றால் தூண்டப்படும் நோயெதிர்ப்புச் செல்கள் வேறு சைட்டோக்கைன்களைச் சுரக்கின்றன. அவற்றுள் முக்கியமானவை:

இன்டர்லியூக்கின்-4: இம்யூனோகுளோபுலின் ஈ எதிர்ப்பொருள் உருவாகத் தூண்டுகிறது.
இன்டர்லியூக்கின்-5: இயோசினோஃபில் எனும் வெள்ளையணுக்களைப் பெருக்குகிறது.
இன்டர்லியூக்கின்-13: சளிச் சுரப்பை மிகுவிக்கிறது; மூச்சுக்குழாய் எளிதில் சுருங்கும் தன்மையைக் கூட்டுகிறது.

நீடிக்கும் சுழற்சி

இயோசினோஃபில்கள் வெளியிடும் புரதங்கள் மேலணியை மேலும் சேதப்படுத்துகின்றன. இன்டர்லியூக்கின்-13 செல்களுக்கு இடையிலான பிணைப்பைத் தளர்த்துகிறது. இவ்வாறு அழற்சியின் விளைவே அடுத்த அழற்சிக்குக் காரணமாகிறது. காலப்போக்கில் மேலணிக்கு அடியில் கொலாஜன் படிந்து மூச்சுக்குழாய்ச் சுவர் தடிக்கிறது.

மருத்துவ முக்கியத்துவம்

உள்ளிழுக்கும் கார்ட்டிகோஸ்டீராய்டு மருந்துகள் பெரும்பாலானோருக்கு அழற்சியைக் கட்டுப்படுத்துகின்றன. கடுமையான ஆஸ்துமா உள்ள சிலருக்கு இவை போதுமானவையாக இருப்பதில்லை. டிஎஸ்எல்பியைத் தடுக்கும் டெசிபெலுமாப் எனும் எதிர்ப்பொருள் மருந்துக்கு, 12 வயதும் அதற்கு மேலும் உள்ள கடுமையான ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கூடுதல் மருந்தாக, 2021 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. இது 4 வாரங்களுக்கு ஒருமுறை தோலடி ஊசியாகச் செலுத்தப்படுகிறது. இயோசினோஃபில் எண்ணிக்கை குறைவாக உள்ளோருக்கும் நோய் முற்றும் நிகழ்வுகளை இது குறைத்தமை, அழற்சியின் தொடக்கம் மேலணியில் உள்ளது என்னும் கருத்துக்கு வலுச் சேர்த்தது. எனினும் திடீரென ஏற்படும் மூச்சுத்திணறலைத் தணிக்க இம்மருந்து பயன்படாது.