உரியவரில்லாப் பெட்டி

ஆகாயவழிப் போக்குவரத்தின் பாதுகாப்பு முறைகள் வளர்ந்த வரலாறு, பெரும்பாலும் நேர்ந்த அழிவுகளின் வரலாறேயாம். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் விமானங்களைக் கடத்துவோரே பேரச்சம் விளைத்தனர். 1970 செப்டெம்பரில் யோர்தான் பாலைவனத்தில் மூன்று விமானங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அவ்வாண்டு டிசெம்பரில் ஹேக் நகரிற் கடத்தலுக்கெதிரான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1973 சனவரி முதல் அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பயணிகள் யாவரும் சோதிக்கப்பட்டனர். இவை ஆயுதந் தாங்கி ஏறுவோனைத் தடுக்க எழுந்த அரண்கள். பெட்டியை ஏற்றிவிட்டுத் தான் ஏறாது நிற்பவனைத் தடுக்கும் அரண் வலுப்பெறவில்லை.

1985 யூன் 22ஆந் தேதி வான்கூவர் விமான நிலையத்தில் ஒருவர், ரொறொன்ரோவுக்கு அப்பால் ஆசனம் உறுதிப்படாதிருந்தும், தம் பெட்டியை டில்லிவரை அனுப்புமாறு வற்புறுத்தினார். ஊழியர் முதலில் மறுத்துப் பின்னர் இணங்கினார். பெட்டி சென்றது, அவர் செல்லவில்லை. ரொறொன்ரோவிற் பொதிகளைச் சோதித்த ஊடுகதிர்ப் பொறி இடையிற் பழுதுற்றது. மாற்றாகக் கையாண்ட கருவியோ நம்பத்தக்கதன்று. மறுநாள் அயர்லாந்துக் கரைக்கப்பால், அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேல், எயர் இந்தியா 182ஆம் இலக்க விமானம் வெடித்துச் சிதறிற்று. அதிலிருந்த 329 பேரும் மாண்டனர். அதே நாளில் யப்பானின் நரிற்றா நிலையத்தில், வான்கூவரிலிருந்து அவ்வாறே வந்த மற்றொரு பெட்டி வெடித்துத் தொழிலாளர் இருவரைக் கொன்றது.

இதன்பின் சிக்காகோ உடன்படிக்கையின் 17ஆம் இணைப்பு திருத்தப்பட்டது. பயணி ஏறாதவிடத்து அவர் பெட்டியும் ஏறலாகாது என்பதே விதி. எனினும் பான் ஆம் நிறுவனம், ஊடுகதிரால் நோக்கினாற் போதுமெனக் கருதி, பிராங்பேர்ட்டில் மாறிவரும் பொதிகளைப் பயணிகளோடு ஒப்புநோக்காது விட்டது. 1988 டிசெம்பர் 21ஆந் தேதி ஸ்கொட்லாந்தின் லொக்கர்பி நகரின் மேல் அதன் விமானம் வெடித்தது. நிலத்திலிருந்த 11 பேர் உட்பட 270 பேர் இறந்தனர். மோல்ற்றாவிலிருந்து உரியவரின்றி வந்த பெட்டியே காரணமென 2001இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கொலைஞன் தன்னுயிரைப் பேணுவான் என்பதே இவ்விதியின் அடிப்படை. 2001 செப்டெம்பர் 11இல் உயிரைத் துறக்கத் துணிந்தோரே விமானங்களில் ஏறியபோது அவ்வடிப்படை தகர்ந்தது. விமானியறைக் கதவுகள் அதன்பின்னரே வலுவாக்கப்பட்டன. எனவே ஓரரண் மற்றோரரணுக்கு ஈடாகாது; யாவும் ஒருங்கே காக்கப்படல் வேண்டும். விதி இயற்றுவோர் மாநாடுகளிற் கூடுவர். ஆயின் அதனைக் காக்கும் பொறுப்பு, வரிசை நீண்டு பயணிகள் பொறுமையிழக்கும் வேளையில், பெட்டியைப் பெற்றுக்கொள்ளும் ஊழியனிடமே உளது. அவன் மறுக்கும்போது அவனுக்குத் துணைநிற்பதே நிறுவனத்தின் கடன்.