சாண்டிநல்லாவின் சாட்சி

திருவதிகைக்காரங்களுக்குப் பழுப்பு நிலக்கரி புதுசு இல்லை. பண்ருட்டியைத் தாண்டினால் நெய்வேலி. 1956இல் நிறுவனம் ஆரம்பித்ததில் இருந்து அந்தக் கரியோடுதான் வாழ்கிறோம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சதுப்பில் விழுந்து மக்கிய செடிகொடிதான் அது. மக்குவதின் முதல் கட்டத்துக்கு முற்றா நிலக்கரி என்று பெயர். அது இறுகி முற்றினால்தான் பழுப்பு நிலக்கரி.

அந்த முற்றாத கரி தமிழ்நாட்டில் உறைபனி விழுகிற குளிர்ப் பிரதேசத்திலும் இருக்கிறது. ஊட்டி பக்கம், சாண்டிநல்லா பள்ளத்தாக்கில். நீலகிரிப் புல்வெளி பற்றிய ஒரு பழைய வழக்கில் முக்கியமான சாட்சி அதுதான்.

நீலகிரியின் மேல்மட்டத்தில் மலை மடிப்புகளில், ஓடையோரங்களில் சோலைக்காடு இருக்கும். மற்ற சரிவெல்லாம் புல். ஏன் எல்லா இடமும் காடாகவில்லை? உறைபனி ஒரு காரணம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்தவெளியில் முளைத்த சோலைக்கன்று கருகிப்போகும்; புல்லோ வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். விதிவிலக்காக, காட்டுப் பூவரசு மட்டும் புல்வெளியிலும் தாக்குப்பிடிக்கும். அதன் நெருங்கின சொந்தங்கள் இமயமலையில்தான் இருக்கு!

1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். பின்னாலேயே ஊட்டி ஊரானது. குளிருக்கு விறகு வேண்டியிருந்தது. வந்தவர்கள் கண்ணுக்குப் புல்வெளி சும்மா கிடக்கிற நிலம். ஆஸ்திரேலியாவில் இருந்து சீகை மரமும், 1843இல் கற்பூர மரமும் வந்தன. தோல் பதனிடச் சீகைப் பட்டை தேவைப்பட்டதால் சுதந்திரத்துக்குப் பிறகும் நடவு நிற்கவில்லை. 1915இல் பைசன் நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரங்களுக்குத் தனி நூலே கொண்டுவந்தார். அத்தனை செடி இருந்த இடம்தான் 'சும்மா கிடக்கிற நிலம்'.

இதற்குத் தோதாக ஒரு வாதமும் இருந்தது. புல்வெளி இயற்கையானது இல்லை, மனிதர்கள் காட்டை எரித்து, எருமை மேய்த்து உண்டாக்கியது என்றார்கள். அப்படியானால் மரம் நடுவது பழைய காட்டைத் திருப்பித் தருவதுதானே?

இங்கேதான் சாண்டிநல்லா வருகிறது. மரங்களும் வெப்பமண்டலப் புற்களில் பலவும் கார்பனை வேறு வேறு வழியில் எடுத்துக்கொள்கின்றன. செடி மக்கிய பிறகும் அந்த வித்தியாசம் கரிமண்ணில் தங்கிவிடும். சுகுமார், ரமேஷ் ஆகியோரின் குழு அந்த மண்ணை அடுக்கடுக்காக ஆராய்ந்து 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதியது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் பனியுகத்தின் உச்சத்தில் இருந்தபோதே நீலகிரியில் புல் மிகுந்திருந்தது. அப்புறம் ஈரம் கூடினபோது மர வகைகள் கூடின, வறண்டபோது புல் கூடியது. சல்லிவனுக்கு மட்டும் இல்லை, நமக்குத் தெரிந்த எந்த மேய்ச்சலுக்கும் முந்தையது அந்தப் புல்.

நடந்த இழப்பைப் பாருங்க. பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. புல் போனால் வரையாட்டுக்கு மேய்ச்சல் இல்லை. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கு இடம் இல்லை. தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்கு வேய்கிற அபூர்வப் புல்லும் அருகிவிட்டது.

2022இல் தமிழ்நாடு அரசு அந்நியக் களைத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கை வெளியிட்டது. ஆனால் சீகையை வெட்டினால் மட்டும் போதாது. அதன் விதை மண்ணுக்குள் பல வருஷம் தூங்கும். வெளிச்சமோ தீயோ பட்டால் கூட்டமாக முளைக்கும். வருஷக்கணக்கில் பிடுங்கி, கூடவே உள்ளூர்ப் புல்லையும் வளர்த்து நடவேண்டும். உறைபனி குறைந்துவரும் காலத்தில் அதுவும் சுலபமில்லை.

'பசுமை' என்றாலே நமக்கு மரக்கன்று ஞாபகம்தான் வருகிறது. நெய்வேலி மண்மேட்டில் மரம் நடட்டும், நல்லதுதான். முக்குருத்தி சரிவில் நடவேண்டியது புல்.