கராச்சி ஆய்வின் நாற்பது சதவீதம்: தைராய்டு குறைவிலே தோன்றும் நரம்புக் குறிகளும் பி12 வைட்டமினும் பற்றிய ஒரு மறுபரிசீலனை

தைராய்டு குறைவுடையோரிடம் காணப்படும் கைகால் மரத்துப்போதல், எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி, பாத எரிச்சல், ஞாபக மந்தம் முதலிய குறிகளை ஆராய்பவர்கள் அண்மைக் காலத்தில் ஏறக்குறைய ஒரே குரலில் ஒரு வாதத்தை முன்வைத்து வருகிறார்கள். உடல் தன்னைத் தானே எதிர்க்கும் வியாதி தைராய்டு சுரப்பியைத் தாக்குவதோடு நில்லாமல் இரைப்பையின் உட்சுவரையும் தாக்குகிறது. இரைப்பை நலிந்தபின் பி12 வைட்டமினைக் குடல் உறிஞ்சுவதற்குத் துணைசெய்யும் காரணி சுரவாது போகிறது. வைட்டமின் குறையவே நரம்பு கெடுகிறது. ஆகையால் தைராய்டு நோயாளியின் மரத்த பாதத்துக்கு மூலகாரணம் அவருடைய தைராய்டு வியாதியே என்பது அவ்வாதம். இதன் ஒவ்வொரு படியும் தனித்தனியே உண்மை என்பதில் எனக்கு விவாதமில்லை. ஆனால் நோயாளிகளில் மிகப் பலரிடம் இந்தப் படிகள் அனைத்தும் இவ்வரிசையிலேயே நிகழ்கின்றன என்பதற்கு மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்படும் சான்று, 2008ஆம் ஆண்டில் பாகிஸ்தான் மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் கராச்சி ஆகாகான் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரை. அக்கட்டுரை அவ்வாதத்துக்குத் துணைநிற்கவில்லை என்பதும், அதிலே மெய்யாகப் பெறுமதியுள்ள செய்தி வேறொன்று என்பதும் இங்கே என்னால் நாட்டப்பெறுவன.

கட்டுரையின் விஷயம் இதுதான். தைராய்டு குறைவுடைய 116 பேருடைய இரத்தத்தில் பி12 அளவு பார்க்கப்பட்டது. 46 பேரிடம், அதாவது நூற்றுக்கு 39.6 பேரிடம், அது குறைந்திருந்தது. இந்த நாற்பது சதவீதம் என்ற எண் அதன்பின் எத்தனையோ கட்டுரைகளில் ஏறி, ஒவ்வொன்றிலும் தன் பிறப்பிடத்துச் சூழ்நிலையைச் சற்றே உதிர்த்துக்கொண்டு, இன்று தைராய்டு வியாதியின் இயற்கைக் குணங்களுள் ஒன்றைப்போல் வழங்குகிறது. ஆனால் மூலத்தைத் திறந்து பார்ப்பவருக்கு அந்த எண்ணை அடுத்தே வேறு சில எண்கள் நிற்பது தெரியும். நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தன்னெதிர்ப்பின் அடையாளமாகிய தைராய்டு எதிர்ப்பொருள் பரிசோதனையும் செய்யப்பட்டது. அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. எதிர்ப்பொருள் உள்ளவர்களிடம் பி12 குறைவு நூற்றுக்கு 43.2, இல்லாதவர்களிடம் 38.9. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத் தக்கதன்று என்று ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள்.

காரணத்தை நிச்சயிப்பதற்கு நம் தர்க்க நூலார் கேட்பது இரண்டு: ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்றும் இருத்தலாகிய அந்வயம், ஒன்று இல்லாத இடத்தில் மற்றொன்றும் இல்லாமையாகிய வியதிரேகம். கராச்சி ஆய்வு அந்வயத்தை மட்டுமே காட்டுகிறது. எதிர்ப்பொருள் இல்லாதவரிடத்தும் பி12 குறைவு ஏறக்குறைய அதே அளவில் இருப்பதால் வியதிரேகம் அங்கே முறிந்துபோகிறது. எதிர்ப்பொருள் பார்க்கப்பட்டோர் தொகை சிறிது என்றும், சிறு தொகையில் வேற்றுமை தென்படாமையை வேற்றுமையே இல்லை என்பதற்கு நிரூபணமாகக் கொள்ளலாகாது என்றும் ஆட்சேபம் எழலாம். அது நியாயமான ஆட்சேபமே. வேற்றுமை இல்லை என்று நான் சாதிக்கவுமில்லை. உண்டு என்று சாதிப்பவர்கள் இந்த ஆய்வைத் துணைக்கு அழைக்க இயலாது என்பதே நான் சொல்வது. தைராய்டு எதிர்ப்பொருளைப் பார்த்தது போதாது, இரைப்பைச் செல்களுக்கு எதிரான பொருளையன்றோ பார்த்திருக்க வேண்டும் என்பாரும் உளர். பார்த்திருக்க வேண்டியதுதான், பாராத ஒன்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. எதிர்ப்பொருள் இல்லாதவரிடத்தும் மறைவாகத் தன்னெதிர்ப்பு வியாதி இருக்கக்கூடும் என்ற சமாதானத்துக்கு விடை கூறுவது வீண். எந்த முடிவு வந்தாலும் தோல்வியுறாத கொள்கையோடு வாதிட எவராலும் முடியாது.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. தைராய்டு நோயில்லாத கராச்சி வாசிகளிடம் பி12 எந்த அளவில் இருந்தது என்ற ஒப்பீடு அக்கட்டுரையில் இல்லை. தென்னாசியாவைப் பொறுத்தவரையில் இது சிறு குறையன்று. புணே நகரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் ஆரோக்கியமாயிருந்த 441 நடுவயது ஆண்களை யாஜ்னிக் முதலியோர் ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்களுள் நூற்றுக்கு 67 பேரிடம் பி12 குறைவு; நகரத்து நடுத்தர வகுப்பினரை மட்டும் பிரித்துப் பார்த்தால் நூற்றுக்கு 81. இவர்கள் யாரும் நோயாளிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். புணேக்கும் கராச்சிக்கும் உணவு வழக்கம் வேறு. புணேயில் சைவ உணவினர் பலர். ஆய்வுச்சாலை முறைகளிலும் பேதமுண்டு. ஆதலால் 67ஐயும் 40ஐயும் நேருக்கு நேர் நிறுத்தி, தைராய்டு குறைவு பி12ஐப் பாதுகாக்கிறது என்று யாரும் நகைச்சுவையாகக்கூட முடிவு கட்டிவிடக் கூடாது. ஆயினும் ஊர் முழுவதும் நனைந்திருக்கும் மழைநாளில், ஒருவனுடைய சட்டை ஈரமாயிருப்பதைக் கண்டு அவன் குளத்தில் விழுந்தான் என்று சொல்லத் துணிவது எவ்வளவு அவசரமோ, அவ்வளவு அவசரம் இந்த நாற்பதைத் தைராய்டின் கணக்கில் எழுதுவது.

இனி, அக்கட்டுரையில் மெய்யாகவே பெறுமதியுள்ள பகுதிக்கு வருகிறேன். பி12 குறைந்தவர்களிடம் சோர்வு, மறதி, மனத்தளர்ச்சி, மரத்துப்போதல் ஆகியவை சற்று மிகுதியாகக் காணப்பட்டன; ஆனால் குறையாதவர்களோடு ஒப்பிட்டபோது அந்த மிகுதி பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. அதாவது, எதிரே அமர்ந்திருக்கும் நோயாளியின் முறையீட்டைக் கேட்டு அவருக்கு வைட்டமின் குறைவு உண்டா இல்லையா என்று பகுத்துவிடக் கூடும் என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை. பின்வந்தவர்களில் பலர் இதைப் பரிசோதனைக்கு ஒரு பரிந்துரையாக மட்டும் எடுத்துக்கொண்டு அப்பால் போய்விட்டார்கள். குறிகள் ஏன் பிரித்துக்காட்டவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். தைராய்டு குறைவு தானாகவே, யாருடைய உதவியும் இன்றி, நரம்பைக் கெடுக்க வல்லது என்பதே விடை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், புதிதாகக் கண்டறியப்பட்ட தைராய்டு குறைவு நோயாளிகள் 24 பேருள் நூற்றுக்கு 42 பேரிடம் நரம்புச் சிதைவின் குறிகளும், நூற்றுக்கு 29 பேரிடம் மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்ட நிலையும் இருந்தன. கராச்சியின் நாற்பதும் நெதர்லாந்தின் நாற்பத்திரண்டும் அருகருகே நிற்பதைக் கண்டு, இதுதான் அது என்று இணைத்துவிடும் சபலம் யாருக்கும் எழும். எண்கள் ஒத்திருப்பது தற்செயல். வெவ்வேறு நாட்டு மக்கள், வெவ்வேறு அளவீடு. ஒன்று இரத்தத்தில் கண்டது, மற்றொன்று நரம்பில் கண்டது.

மருத்துவனின் கை இங்கே முற்றிலும் உதவாமல் போவதில்லை. கணுக்காலின் பின்புறத் தசைநாரைத் தட்டினால் பாதம் அசைந்து, பின் மிக மெதுவாகத் தன் நிலைக்குத் திரும்புவது தைராய்டு குறைவின் குறி என்று சேனி என்பார் 1924இலேயே எடுத்துக்காட்டினார். பி12 குறைவிலோ அதிர்வுணர்ச்சி கால்விரல்களில் முந்தி மங்குகிறது. கண்ணை மூடி நிற்கச் சொன்னால் உடல் தள்ளாடுகிறது. இவை உள்ள இடத்தில் உதவும். தொடக்க நிலையில் வெறும் மதமதப்போடு வருபவரிடம் இரண்டுமே காணப்படாதிருக்கலாம்.

அக்கட்டுரையின் சிகிச்சைப் பகுதியை வாசிப்பதிலேதான் பெரும் பிழை நிகழ்ந்திருப்பதாக நினைக்கிறேன். பி12 குறைந்தோருள் 24 பேருக்கு மாதம் ஒருமுறை ஊசி போடப்பட்டது, 58.3 சதவீதத்தினர் குணம் தெரிந்ததாகச் சொன்னார்கள். வைட்டமின் குறைவே தைராய்டு நோயாளியின் துன்பத்துக்குக் காரணம் என்பதற்கு இது ஆதாரமாக எடுத்தாளப்படுகிறது. ஆனால் பி12 அளவு சரியாகவே இருந்த வேறு 21 பேருக்கும் குறிகளை முன்னிட்டு அதே ஊசி போடப்பட்டது. அவர்களிலும் எட்டுப் பேர், ஏறக்குறைய நாற்பது சதவீதத்தினர், ஆறு மாதத்தில் நல்ல பலன் கண்டதாகக் கூறினார்கள். குறைவே இல்லாதவருக்கும் பலன் தெரிந்தால் அப்பலனை முழுவதும் மருந்தின் மேல் ஏற்றுவதற்கில்லை. ஊசியென்றால் பலன் உண்டு என்ற நம்பிக்கை நம் பக்கத்து மக்களிடம் எவ்வளவு ஆழமானது என்பதை அறியாதவர் இல்லை. அதே ஆறு மாதத்தில் தைராய்டு குறைவுக்குத் தரப்படும் தைராக்ஸின் மாத்திரையும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கலாம். வெறும் நம்பிக்கையின் பலனாகவும் இது இருக்கலாம் என்று கராச்சி ஆசிரியர்களே நேர்மையாக எச்சரித்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கையைக் கராச்சியிலேயே விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துச் சென்றவர்கள் பின்வந்தவர்கள்.

தைராய்டுக்கும் இரைப்பைக்கும் தொடர்பே இல்லை என்று நான் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டாம். தன்னெதிர்ப்புத் தைராய்டு வியாதியுடைய 62 பேரை இத்தாலிய மருத்துவர்கள் ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட கட்டுரையில், நூற்றுக்கு 35 பேரிடம் இரைப்பையின் உடற்பகுதி நலிந்திருந்தது காட்டப்பட்டது. கருவி கொண்டு இரைப்பையை நேரில் பார்த்துச் சொன்ன சாட்சியம் அது. எனவே அதற்கு மதிப்பு மிகுதி. அதே இத்தாலியக் குழுவினர் 2006இல் கண்ட மற்றொரு செய்தி, நம் விஷயத்தில் இன்னும் கவனிக்கத்தக்கது என்று எண்ணுகிறேன்: இரைப்பை நலிந்தவர்களுக்கும், அங்கே கிருமித் தொற்றுள்ளவர்களுக்கும் தைராக்ஸின் மாத்திரை 22 முதல் 34 சதவீதம் வரை கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஆகவே கெட்ட இரைப்பை பி12ஐ மட்டுமன்றி மருந்தையும் தடுக்கிறது. மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டும், தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். என்ற சுரப்பு இறங்காத நோயாளியின் கால் மரத்திருந்தால், அது வைட்டமின் குறைவாலோ தைராய்டு குறைவு தீராமையாலோ என்று கேட்பதே பொருத்தமற்றதாகிவிடலாம். இரண்டுக்கும் பொதுவான ஒரு காரணம் வயிற்றில் இருக்கக்கூடும். இரும்புச் சத்து மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் தைராக்ஸினோடு சேர்ந்து வயிற்றை அடைந்தால் அதை உறிஞ்சவிடா. நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது, பலர் கடைப்பிடிக்காதது. தைராய்டுக்கு வேண்டிய செலினியம் என்ற சத்தைப் பற்றியும் ஒன்று மட்டும்: அயோடினும் குறைந்திருந்த அன்றைய ஸயீர் நாட்டு மக்களுக்குச் செலினியத்தை மாத்திரம் கொடுத்தபோது அவர்களுடைய தைராய்டு நிலை மேலும் மோசமாயிற்று. குறைந்ததையெல்லாம் நிரப்பிவிட்டால் தீங்கில்லை என்ற பொது நம்பிக்கைக்கு இது தக்க மறுப்பு.

அப்படியானால் குறைவை எதைக் கொண்டு நிச்சயிப்பது? இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் ஏறியிருந்தால் பி12 குறைவு என்று கொள்ளும் வழக்கம் தைராய்டு நோயாளியிடம் செல்லாது. தைராய்டு குறைவே அதை ஏற்றிவிடும். சிவப்பணு பருத்திருப்பதும் அப்படியே. பி12 சரியாக இருந்தாலும் தைராய்டு குறைவு அதைப் பருக்க வைக்கும். பி12 குறைந்தால் ஏறும் மெத்தில் மலோனிக் அமிலத்தின் அளவு இவ்விரண்டினும் நம்பகமானது. ஆனால் நம் நாட்டு ஆய்வுச்சாலைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. எனவே இரத்தத்தின் பி12 அளவையே நம்ப வேண்டியிருக்கிறது; அதையும் ஊசி போடுவதற்கு முன் பார்க்க வேண்டும், பின் பார்த்தால் பயனில்லை. மருந்துக்கடையில் நோயாளி தானே கேட்டு வாங்கும் நரம்புச் சத்து மாத்திரைகள் இங்கே இன்னும் இரண்டு குழப்பங்களை விளைக்கின்றன. அவற்றுள் பயோட்டின் என்ற வைட்டமின் மிகுதியாயிருந்தால் சில பரிசோதனை முறைகளில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் தைராக்ஸின் பொய்யாக ஏறியும் காட்டும். இது குறித்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. அந்தப் பரிசோதனை முடிவை நம்பித் தைராக்ஸின் மாத்திரையின் அளவைக் குறைத்தால் மரத்துப்போதல் மேலும் மிகும். நோயாளி மேலும் அதே சத்து மாத்திரையைத் தேடுவார். பைரிடாக்ஸின் என்ற பி6, நரம்பைக் காப்பதாக விற்கப்படுவது, நாளொன்றுக்கு 2 முதல் 6 கிராம் வரை உட்கொண்ட ஏழு பேருடைய உணர்ச்சி நரம்புகளைக் கெடுத்த செய்தி 1983இலேயே வெளியாயிற்று. நம் கடைகளில் விற்பவை அந்த அளவில் இல்லை என்பார்கள். உண்மைதான், ஆயினும் ஒருவர் மூன்று பெயரில் மூன்று மாத்திரைகளை ஒருசேர உட்கொள்வதை எந்த அட்டையும் கணக்கிட்டுச் சொல்வதில்லை.

கராச்சி ஆசிரியர்கள் தைராய்டு குறைவுடைய எல்லோருக்கும், எதிர்ப்பொருள் இருப்பினும் இல்லாவிடினும், பி12 பார்க்கப்பட வேண்டும் என்று முடித்தார்கள். அந்த முடிவை ஏற்கிறேன். அதன் காரணத்தை மட்டும் மாற்றிக் கூறுவேன். அந்நோயாளிகளுக்குத் தைராய்டு வியாதி இருப்பதனாலன்று. அந்த வியாதி, அதே ஊரில் பரவலாயுள்ள மற்றொரு குறைவை மூடி மறைக்க வல்லதாயிருப்பதனால். இது சரியாயின், அதே ஊரில் தைராய்டு சரியாக உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் மரத்த கால்களோடு வந்தாலும் அவர்களுக்கும் அப்பரிசோதனை அதே அளவு அவசியமாகும். இரண்டு கூட்டத்தாரையும் ஒரே ஊரில், ஒரே ஆய்வுச்சாலையில், மெத்தில் மலோனிக் அமிலத்தையும் இரைப்பை எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்த்து, தைராக்ஸின் மட்டும் கொடுத்து டி.எஸ்.எச். சீரான பின்னரும் எத்தனை பேருடைய பாதம் மரத்தே இருக்கிறது என்று எண்ணி, அதன்பின் அவர்களுள் சிலருக்கு வைட்டமின் ஊசியும் சிலருக்கு வெறும் நீரும் இன்னதென்று தெரியாமல் போட்டுப் பார்க்கும் ஆராய்ச்சி ஒன்று நடந்தால் என் கருத்து நிலைக்கும் அல்லது வீழும்.