டார்பியில் வார்த்த தூண்

மும்பை எஸ்பிளனேட் மாளிகையைத் தாங்கி நிற்கும் வார்ப்பிரும்புத் தூண்கள் இந்திய மண்ணில் பிறந்தவை அல்ல. இங்கிலாந்தின் டார்பி நகரத்து வார்ப்பாலையில் 1860களில் உருகிய இரும்பாக அச்சுக்குள் இறங்கி, இறுகி, கப்பலேறி வந்தவை. ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் என்ற பொறியியலாளர் வரைந்த படத்தின்படி, பம்பாயில் அவற்றைத் துண்டு துண்டாகப் பூட்டி நிறுத்தினார்கள். கட்டடத்தின் அன்றைய பெயர் வாட்சன் ஹோட்டல். 1896 ஜூலை 7ஆம் திகதி லூமியர் சகோதரர்களின் படங்கள் இந்தியாவில் முதன்முதலாகத் திரையில் ஓடியது அங்கேதான்.

அந்தக் காலத்துத் தூணின் நோய் பெரும்பாலும் பிறக்கும்போதே கூட வந்தது. உள்ளே பொள்ளலாக இருக்க, அச்சின் நடுவில் களிமண் கரு ஒன்றை வைப்பார்கள். அச்சைப் படுக்கவைத்து இரும்பை ஊற்றினால், பாரம் குறைந்த கரு மேலே மிதந்து விலகிவிடும். தூணின் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகும். பாரம் நடுவில் இறங்காமல் சரிய, தூண் சற்றே வளைய, ஒரு பக்கம் இழுபடுகிறது. வார்ப்பிரும்பு பெரும் நசுக்கலைத் தாங்கும். இழுத்தால் அதில் ஒரு சிறு பங்கைத்தான் தாங்கும். முன்னறிவிப்பு இல்லாமலே உடையும். உடைந்ததை வெல்டிங் செய்யப்போனால், அதில் காபன் அதிகம் என்பதால் அந்தச் சூட்டில் புதிய வெடிப்புகள் விழும் ஆபத்தும் உண்டு.

பிறகு கடற்காற்றும் பராமரிப்பின்மையும் சேர்ந்துகொண்டன. 2005இல் முகப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஒருவர் உயிரிழந்தார். 2019இல் மும்பை ஐ.ஐ.டி. ஆய்வு, கட்டடத்தை இடிக்கச் சொன்னது. மரபுரிமை ஆர்வலர்கள் அதை ஏற்கவில்லை. நானும் அவர்கள் பக்கம்தான். இப்படிப்பட்ட இரும்பைக் காப்பாற்றிய அனுபவம் உலகத்துக்கு ஏற்கனவே உண்டு.

இங்கிலாந்தின் நியூபோர்ட் பக்னெல் ஊரில் 1810இல் கட்டிய டிக்ஃபர்ட் வார்ப்பிரும்புப் பாலத்தில் இன்றும் வாகனங்கள் ஓடுகின்றன. 1999இல் அதன் இரும்பின் மேல் காபன் நார் விரிப்புகளை எபொக்சிப் பசையால் ஒட்டிப் பலப்படுத்தினார்கள். அன்று லண்டன் நிலக்கீழ் ரயிலைச் சேர்ந்திருந்த ஷாட்வெல் நிலையத்தில், காற்றோட்டக் குழியைத் தாங்கும் வார்ப்பிரும்பு முட்டுகளுக்கும் காபன் நார் கைகொடுத்தது. நாரின் கனமோ மிகக் குறைவு. தடிப்பு சில மில்லிமீற்றர். பழைய இரும்பில் ஒரு துளையும் போடவேண்டியதில்லை.

வேலை நடக்கும் விதம் இலங்கையில் எங்கள் நிந்தவூர் கடற்கரையில் எவருக்கும் புரியும். வெடித்த ஃபைபர் போட்டின் அடியைச் சுரண்டி, கண்ணாடி நார் மெட் விரித்து, ரெசின் பூசி, காற்றுக் குமிழ் போக உருட்டி அழுத்துவதைப் போன்றதுதான். ஆனால் இரும்பில் ஒரு துளி துருவும் மிஞ்சக்கூடாது. மணல் வீசிப் பளபளக்கச் சுத்தம் செய்து, மீண்டும் துரு படியுமுன் சில மணி நேரத்துக்குள் ஒட்டியாக வேண்டும்.

கரையோர ஊர்களுக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. காபன் மின்சாரம் கடத்தும். உப்பு ஈரத்தில் அது இரும்பை நேராகத் தொட்டால் அங்கே ஒரு பற்றரி உருவாகும். அழிவது இரும்புதான், காபனுக்கு ஒன்றும் ஆகாது. தூணைக் காக்கப்போன நாரே தூணைத் தின்னத் தொடங்கும். அதனால் இரும்புக்கும் காபனுக்கும் இடையில் கண்ணாடி நார் ஒரு படை வைக்கிறார்கள். மின்சாரத்தை மறிப்பது அந்தப் படைதான். நம் போட்டுகளுக்கு உடம்பாக இருக்கும் அதே மலிவான நார்! அருகிலுள்ள ஒலுவில் பொறியியல் பீடத்தில் படிக்கும் பிள்ளைகள் இதைக் கையிலெடுத்துப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. உப்புக்காற்று அவர்கள் வாசலிலேயே இருக்கிறது.

எபொக்சிக்கும் குறை உண்டு. நெருப்பில் அது சீக்கிரமே இளகிவிடும். தீக்காப்புப் பூச்சு தனியாக வேண்டும். நாராலும் மீட்கமுடியாத தூண்களும் இருக்கும். எது மீளும், எது மீளாது என்பதைத் தெருவில் நின்று பார்த்துச் சொல்லமுடியாது. அல்ட்ராசவுண்ட் கருவியால் ஒவ்வொரு தூணின் சுவரையும் சுற்றிவர அளந்து, மெலிந்த பக்கத்தைக் குறித்து, அதற்குப் பிறகுதான் இடிப்பதைப் பற்றிப் பேசவேண்டும்.